ஜிம்மிக்கு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு ஜிம்மிக்கு 11 வயது. ஆண் பொமேரியன், 9 கிலோ. இரண்டு மாதமாக ராத்திரியில் இருமினான். முதலில் பார்த்த டாக்டர் இருமல் சிரப்பும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார், குறையவில்லை. ஒருநாள் ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினான். வேறு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, 'ஹார்ட் பெரிதாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது' என்றார். பிமோபெண்டான் 2.5, எனலாப்ரில் 5, லாசிக்ஸ் 40-இல் பாதி, மூன்றும் காலையும் இரவும் கொடுக்கச் சொன்னார். மூன்று வாரமாகிறது. சென்னையில் எக்கோவும் எடுத்துவிட்டோம், ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். இப்போது ராத்திரி நன்றாகத் தூங்குகிறான். ஆனால் பகலில் குதித்துக் குரைத்தால் இருமல் வருகிறது. 'அதுதான் சரியாகிவிட்டதே, இத்தனை மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும், நிறுத்து' என்கிறார் அம்மா. 'இருமல் போகவில்லையே, லாசிக்ஸை முழுசாகக் கொடு' என்கிறான் தம்பி. போன வாரம் காலிங் பெல் சத்தம் கேட்டு ஓடியவன் பொத்தென்று விழுந்து, சில நொடியில் எழுந்துவிட்டான். அது ஹார்ட் அட்டாக்கா? வீட்டில் பஞ்சு என்று நான்கு வயதுப் பெர்ஷியன் பூனையும் இருக்கிறது. அதற்கும் ஹார்ட் பார்க்க வேண்டுமா?
காஞ்சிபுரம் வாசகி

பதில்: நிறுத்தக் கூடாது. நீங்களாகக் கூட்டவும் கூடாது. அம்மா சொல்வது, தம்பி சொல்வது இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஜிம்மி தூங்கும்போது அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் பொமேரியன் என்று சொல்கிற நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். பெயர் எதுவானால் என்ன, சின்ன உடம்பு, பத்து வயதுக்கு மேல், அதிலும் ஆண். இந்த மூன்றும் சேர்ந்தால் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே எங்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். நாய்களுக்கு வரும் இதய நோய்களில் முக்கால் பங்கு இது ஒன்றுதான்: இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு வயதாக ஆகத் தடித்து, சுருண்டு, சரியாக மூடாமல் போவது.

கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு லீக் ஆனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மோட்டார் ஓடும், சத்தம் கேட்கும், ஏற வேண்டிய தண்ணீரில் ஒரு பகுதி திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும். ஜிம்மியின் இதயத்திலும் அதே கதைதான். ஒவ்வொரு துடிப்புக்கும் உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு பின்னால் இடது மேலறைக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பிப் பாயும் சத்தத்தைத்தான் டாக்டர்கள் 'மர்மர்' என்பார்கள். (ஒரு பெரியவர் என்னிடம் 'நாய்க்கு நெஞ்சில் ஏதோ மர்மம் இருக்கிறதாம்' என்று சீட்டை நீட்டியிருக்கிறார்.) மர்மருக்கு ஒன்று முதல் ஆறு வரை மார்க் போடுவோம். ஐந்தோ ஆறோ என்றால் ஸ்டெதாஸ்கோப்பே தேவையில்லை. இடப்பக்கம் முன்னங்காலின் முட்டிக்குப் பின்னால் விலாவில் உள்ளங்கையை வைத்தால் போதும், பூனை உறுமுவதுபோல ஒரு அதிர்வு தெரியும்.

திரும்புகிற ரத்தத்துக்கு இடம் கொடுத்துக் கொடுத்து மேலறை ஊதிப் பெரிதாகிறது. வருடக்கணக்கில் அது தாக்குப்பிடிக்கும். ஒரு கட்டத்தில் முடியாமல் போய், அழுத்தம் நுரையீரலின் ரத்தக்குழாய்களுக்கு ஏறி, நீர் கசிந்து காற்றுப் பைகளில் நிற்கும். ஜிம்மி உட்கார்ந்தபடி மூச்சு வாங்கியது அந்த ராத்திரிதான்.

இந்த நோயைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி ஒரு முறை வைத்திருக்கிறது, கடைசியாக 2019-இல் திருத்தினார்கள். ஏ என்றால் நோய் வரக்கூடிய இனம், இன்னும் வரவில்லை. பி-1 என்றால் மர்மர் உண்டு, இதயம் பெரிதாகவில்லை. பி-2 என்றால் பெரிதாகிவிட்டது, ஆனால் நாய்க்கு ஒரு தொந்தரவும் இல்லை. நீர் கோத்துவிட்டால் சி. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காமல் போனால் டி. உங்கள் எக்கோ ரிப்போர்ட்டில் இடது மேலறைக்கும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனிக்கும் உள்ள அகல விகிதம் 2.0 என்றிருக்கிறது. 1.6 வந்தாலே பெரிதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் முதுகெலும்புக் கணுக்களை வைத்தே அளக்கிற ஒரு வழி உண்டு. 1995-இல் புக்கானன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கொண்டுவந்தது, இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். பெரும்பாலான நாய்களுக்கு எட்டரையிலிருந்து பத்தரைக் கணுவுக்குள் அடங்கும். ஜிம்மிக்கு 11.8. நுரையீரலில் நீரும் வந்துபோயிருக்கிறது. ஆகவே அவன் சி கட்டத்தில் இருக்கிறான். ஒருமுறை சி-க்கு வந்துவிட்டால், எவ்வளவு நன்றாக ஓடியாடினாலும் பி-க்குத் திரும்பிப் போவது கிடையாது.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது இதுதான். சரியானது வால்வு அல்ல. மாத்திரையின் தயவில் நுரையீரல் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். லாசிக்ஸ் கூடுதல் நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிறது. பிமோபெண்டான் இதயத் தசையைக் கொஞ்சம் பலமாகச் சுருங்கவைத்து, ரத்தக்குழாய்களையும் தளர்த்திக் கொடுக்கிறது. எனலாப்ரிலின் வேலை வேறு. ரத்தம் குறைவாக வருவதைப் பார்த்து உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று நினைத்து உப்பையும் நீரையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் சிறுநீரகத்தை அது அடக்கிவைக்கும். மூன்றில் லாசிக்ஸை நிறுத்தினால் இரண்டொரு நாளில் அதே ராத்திரி திரும்ப வரலாம். ஒரு குடும்பம் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனபோது நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மாத்திரைச் சீட்டைக் கொடுக்க மறந்துபோனார்கள். நான்காம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு என் கிளினிக் கதவைத் தட்டியது பக்கத்து வீட்டுக்காரர்தான். நாயின் ஈறு சாம்பல் நிறத்தில் இருந்தது. அதைக் காப்பாற்றினோம். எல்லா நாய்க்கும் அப்படி வாய்க்காது.

அம்மாவின் கிட்னி பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. லாசிக்ஸும் எனலாப்ரிலும் சேரும்போது சிறுநீரகத்தின் மேல் பாரம் விழும், பொட்டாசியமும் ஏறி இறங்கும். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை, ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். மருந்து ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. மூன்று வாரமாகிவிட்டதால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள், அப்புறம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. இன்னொன்று, அவன் தண்ணீர் அதிகம் குடிப்பான், அடிக்கடி ஒன்றுக்குப் போவான், வீட்டுக்குள்ளேயேகூடப் போய்விடுவான். திட்டாதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்து ஒளித்துவைக்காதீர்கள். நுரையீரலில் நீர் என்றதும் குடிக்கிற தண்ணீரைக் குறைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால்தான் கிட்னி கெடும்.

இனி தம்பி. அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் இருமல். அங்கேதான் பிசகுகிறது.

சின்ன நாய்களின் இருமலுக்குக் குறைந்தது மூன்று காரணங்களாவது இருக்கும். நீர் கோப்பது ஒன்று. ஊதிய மேலறை அதற்கு நேர் மேலே போகும் மூச்சுக்குழாய்க் கிளையை அழுத்துவது இன்னொன்று. மூச்சுக்குழாயே தொளதொளத்துச் சப்பையாவது மூன்றாவது. இந்த இனத்தில் அது மிகவும் சகஜம், வாத்து கத்துவதுபோல ஒரு வறட்டுச் சத்தம் வரும். கடைசியில் தொண்டையில் எதையோ கக்குவதுபோலக் காறுவான். 'எலும்பு சிக்கியிருக்கிறது டாக்டர்' என்று தூக்கிக்கொண்டு வருவார்கள், உள்ளே எலும்பும் இருக்காது முள்ளும் இருக்காது. குதித்தால், குரைத்தால், கழுத்துப் பட்டையை இழுத்தால் மட்டும் வருகிற இருமல் பெரும்பாலும் இந்தப் பின்னிரண்டு வகைதான். லாசிக்ஸை இரண்டு மடங்காக்கினாலும் அது போகாது, நாய் வற்றிப்போவதுதான் மிச்சம். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சோடு மாட்டுகிற ஹார்னெஸ் வாங்குங்கள், பாதி இருமல் அதிலேயே குறையும். மீதி தொல்லை கொடுத்தால் அதற்குத் தனியாக மருந்து இருக்கிறது, டாக்டரைக் கேளுங்கள். அலமாரியில் இருக்கும் மனிதர் சிரப்பை ஊற்ற வேண்டாம்.

அப்படியென்றால் நீர் திரும்புகிறதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? மூச்சை வைத்து. தூங்குகிற மூச்சை வைத்து மட்டும்.

ஜிம்மி நன்றாகத் தூங்கியதும், எழுப்பாமல், விலா தெரிகிற பக்கமாக உட்காருங்கள். ஸ்பிட்ஸுக்கு முடி அதிகம் என்பதால் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பார்க்காமல் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், அசைவு தெரியும். ஏறி இறங்கினால் ஒன்று. செல்போனில் 30 நொடி வைத்து எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். கால் உதறுகிறான், உதடு துடிக்கிறது என்றால் கனவு காண்கிறான், அந்தக் கணக்கு வேண்டாம், கொஞ்சம் பொறுத்து எண்ணுங்கள். வெயிலில் வந்து நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போது எண்ணுவதும் வீண். ஒரு வாரம் தினமும் எண்ணி, தினசரிக் காலண்டரின் அன்றைய தாளிலேயே எழுதிவிடுங்கள். மருந்து பிடித்திருக்கிற நாய்க்குப் பெரும்பாலும் 15-லிருந்து 25-க்குள் நிற்கும். 30-க்கு மேல் போனால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அன்றே டாக்டருக்குப் போன். 40-ஐத் தாண்டினால் போன் பேசிக்கொண்டே ஆட்டோ பிடியுங்கள். இருமல் ஒன்றும் இல்லாமல் 38 இருக்கிற நாய், நாள் முழுக்க இருமிக்கொண்டு 20 இருக்கிற நாய், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் நான் முதல் நாயைத்தான் முதலில் உள்ளே கூப்பிடுவேன்.

எண்ணுவதில் இன்னொரு லாபம், டோஸைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்யவும் அந்தக் காலண்டர்தான் உதவும். மூன்று வாரமாக 18, 20 என்றே இருந்தால் லாசிக்ஸைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா என்றுகூட அவர் யோசிப்பார். எவ்வளவு குறைவான லாசிக்ஸில் நுரையீரல் காய்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் அவனுக்குச் சரியான அளவு. ஆக, நிறுத்தலாமா என்ற அம்மாவின் கேள்வியில் கால்வாசி நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் குறைப்பை டாக்டர்தான் செய்ய வேண்டும், கணக்கைப் பார்த்து.

விழுந்து எழுந்த விஷயம். அது நீங்கள் நினைக்கிற ஹார்ட் அட்டாக் அல்ல. மனிதருக்கு வருவதுபோல இதயத்தின் ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்து வருவது நாய்களில் மிக அபூர்வம். அதனால் வீட்டில் யாராவது சாப்பிடும் கொலஸ்ட்ரால் மாத்திரையோ ஆஸ்பிரினோ ஜிம்மிக்குத் தேவையே இல்லை. கிளர்ச்சியில் ஓடும்போது மூளைக்கு ஒரு கணம் ரத்தம் குறைந்து மயங்கியிருக்கிறான். இதயத் துடிப்பின் தாளம் தவறியதாக இருக்கலாம், நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியதாக இருக்கலாம், மூன்று மாத்திரையும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை அதிகமாகவே இறக்கியிருக்கலாம். வலிப்பாகவும் இருக்கக்கூடுமே என்று டாக்டர் கேட்பார். மயக்கம் என்றால் துணிபோலத் துவண்டு விழும், சில நொடியில் எழுந்து ஒன்றும் நடக்காததுபோல வாலாட்டும். வலிப்பு என்றால் விறைக்கும், கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல உதறும், எச்சில் வழியும், எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் பிரமை பிடித்ததுபோல நிற்கும். ஜிம்மியின் கதை முதல் வகை மாதிரி இருக்கிறது. இருந்தாலும் அடுத்த முறை நடந்தால், பதற்றத்தோடு பதற்றமாக, ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். நீங்கள் பத்து நிமிஷம் விவரிப்பதைவிடப் பத்து நொடி வீடியோ எனக்குப் புரியும். ஒரு ஈசிஜியும் ரத்த அழுத்தமும் இந்த வாரமே பார்க்க வேண்டும். காலிங் பெல்லையும் கொஞ்ச நாள் அணைத்து வையுங்கள்.

மாத்திரை கொடுப்பதைப் பற்றி. பிமோபெண்டான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில். மற்ற இரண்டையும் சாப்பாட்டோடு கொடுக்கலாம். பன்னிரண்டு மணி நேர இடைவெளி என்றால் காலை ஏழு, மாலை ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை லாசிக்ஸுக்குப் பிறகு ஒருமுறை வெளியே கூட்டிப்போனால் நடு ராத்திரியில் எழுப்பமாட்டான். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள். எதில் வைத்துக் கொடுப்பது என்பதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். சீஸ், சாசேஜ், கருவாட்டுத் துண்டு என்று எல்லாமே உப்பு மூட்டை. தோசையில் சுருட்டினாலும் அதில் உப்பு இருக்கிறது. அவித்த கோழித்துண்டிலோ, முட்டையின் மஞ்சள் கருவிலோ பொதிந்து கொடுங்கள். அப்பளம், ஊறுகாய் எண்ணெய், சிப்ஸ், பிஸ்கட் இனி வேண்டாம். அதற்காகப் பத்தியச் சாப்பாடு போட்டு இளைக்கவைக்காதீர்கள். இதய நோய் நாய்கள் சதை கரைந்து மெலிவதே ஒரு கெட்ட அறிகுறி. உப்பு, வெங்காயம், பூண்டு போடாமல் வேகவைத்த கோழியும் சோறும் தாராளமாகத் தரலாம்.

மூட்டு வலி என்று யாராவது மெலாக்சிகாம் மாதிரி வலி மருந்து எழுதினால், லாசிக்ஸும் எனலாப்ரிலும் போகிறது என்று முதலில் சொல்லுங்கள். வாந்திபேதி என்று போகும்போதும் அப்படித்தான். நம் ஊரில் துவண்ட நாயைப் பார்த்தால் உடனே குளுக்கோஸ் ஏற்றுகிற வழக்கம் இருக்கிறது, நானும் ஏற்றியவன்தான். மர்மர் உள்ள நாய்க்கு அந்த பாட்டில் வேகமாக ஏறினால் அது நுரையீரலில் போய்த்தான் நிற்கும்.

எவ்வளவு காலம் இருப்பான் என்று நீங்கள் கேட்கவில்லை, மனதில் இருக்கும். சி கட்டத்தில் பிமோபெண்டான் வாங்கிய நாய்களை 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் தொடர்ந்து பார்த்தார்கள். பாதி நாய்கள் 267 நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தன, அதற்கு முன் வழக்கத்தில் இருந்த, எனலாப்ரில் வகையைச் சேர்ந்த பெனசெப்ரிலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது நடுக்கணக்குதான். இரண்டு வருடம் ஓட்டிய நாய்களும் என்னிடம் இருக்கின்றன, இரண்டு மாதத்தில் போனவையும் உண்டு. வால்வையே தைத்துச் சரிசெய்யும் திறந்த இதய அறுவை சிகிச்சையை ஜப்பானில் மசாமி உவேச்சி என்ற டாக்டர் சின்ன நாய்களுக்கு வழக்கமாகவே செய்கிறார். 11 வயது ஜிம்மியைக் காஞ்சிபுரத்திலிருந்து அங்கே கொண்டுபோவது நடக்கிற காரியமல்ல. கேள்விப்பட்டுவிட்டு மனசு உறுத்திக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

ஜிம்மியின் கதையைப் படிக்கிற மற்ற வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிமோபெண்டானை நீர் கோக்கும்வரை காத்திருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. 2016-இல் வந்த எபிக் ஆய்வில், பி-2 கட்டத்திலிருந்த 360 நாய்களில் பிமோபெண்டான் வாங்கியவற்றுக்கு நீர் கோப்பது சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. அதற்கு மர்மர் இருப்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சின்ன நாய்க்கு எட்டு வயதானால் தடுப்பூசிக்குப் போகும்போதே நெஞ்சையும் கேட்கச் சொல்லுங்கள். மர்மர் கேட்டால் உடனே இதய மாத்திரை என்றும் இல்லை. உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் சுண்டிப்போன நாய்க்கும் மர்மர் கேட்கும், ரத்தம் ஊறியதும் அது போய்விடும். டாபர்மேன், லாப்ரடார் மாதிரி பெரிய நாய்களுக்கு வருவது வேறு நோய், இதயத் தசையே பலம் இழந்து தொய்ந்துபோகும். வயிறு மட்டும் உப்பி முதுகு எலும்பு தெரிகிற லாப்ரடாரைச் சதை போட்டிருக்கிறது என்று நினைக்காதீர்கள். எக்கோ வசதி எல்லா ஊரிலும் இல்லை. சென்னை வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. எக்கோ என்றைக்குப் பார்ப்பார்கள் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, பஞ்சுவுக்கு வருகிறேன். பூனையின் இதய நோய்க்கு நாயின் பாடம் உதவாது. பூனைக்குப் பெரும்பாலும் வால்வில் பிரச்சினை வராது, இதயச் சுவர் உள்பக்கமாகத் தடிக்கும். ஏழு பூனைக்கு ஒன்று என்கிற அளவுக்கு இருக்கிறது, அவற்றில் பல கடைசிவரை ஒரு தொந்தரவும் இல்லாமலே வாழ்ந்துவிடும். மெயின் கூன், ராக்டால் இனங்களில் இதற்கான மரபணுக் கோளாறையே கண்டுபிடித்திருக்கிறார்கள். பெர்ஷியனுக்கும் வரும். மர்மர் இல்லாத பூனைக்கு நோய் இருக்கலாம், மர்மர் உள்ள பூனைக்கு நோய் இல்லாமலும் இருக்கலாம். எக்கோ ஒன்றுதான் நிச்சயம். முடியாதபோது என்டி-ப்ரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை ஓரளவு உதவும். அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் கருத்தடை ஆபரேஷனோ பல் சுத்தமோ செய்ய மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன் பார்த்துவிடுங்கள். நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போடுவதாக இருந்தாலும் அப்படித்தான். வெளியே தெரியாமல் நோயோடு இருந்த பூனை இதற்கெல்லாம் பிறகு திடீரென்று மூச்சுத் திணறிய கதைகள் உண்டு.

பூனை இதய நோய்க்கு இருமாது. சோபாவுக்கு அடியில் போய்ப் பதுங்கும், சாப்பிடாது. வாயைத் திறந்து மூச்சு விட்டால், நாயைப்போல இரைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், அது அவசரம். அதன் தூக்க மூச்சையும் 30-ஐ வைத்தே கணக்குப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி நன்றாக இருந்த பூனை காலையில் அலறிக்கொண்டு பின்னங்கால்களை இழுத்து இழுத்து வரும். மாடியிலிருந்து விழுந்துவிட்டது, வாதம், பூச்சிக் கடி என்று மூன்று விதமாகச் சொல்லித் தூக்கிவருவார்கள். நான் முதலில் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். முன்னங்கால் கதகதப்பாக இருக்கும், பின்னங்கால் சில்லென்றிருக்கும். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய உள்ளங்கால் மெத்தை வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கும், தொடையில் நாடி கிடைக்காது. இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி கீழிறங்கி, இரண்டு கால்களுக்கும் ரத்தம் பிரிகிற இடத்தில் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தாங்க முடியாத வலி அது. எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருக்காமல் உடனே கொண்டுபோக வேண்டும். மேலறை பெரிதான பூனைகளுக்கு இது வராமலிருக்க குளோபிடோக்ரெல் 75 மாத்திரையில் கால் பாகம் தினமும் கொடுக்கச் சொல்வோம், அதுவும் எக்கோ பார்த்த பிறகுதான். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

பஞ்சு என்ன சாப்பிடுகிறது என்று எழுதவில்லை. கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பூனையின் உடம்பால் டாரின் என்ற அமிலத்தைத் தேவையான அளவு தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தொய்ந்துபோகும் என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியானும் மற்றவர்களும் 1987-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் கம்பெனிகள் பூனை உணவில் டாரினைச் சேர்த்ததும் அந்த நோய் ஏறக்குறைய ஒழிந்தது. இன்றைக்கு அதற்கு வழி வைப்பது தயிர்சாதமும் பால்சோறுமாக வளர்க்கிற வீடுகள்தான். சைவ வீட்டுப் பூனை என்றால் பாக்கெட் பூனை உணவையாவது தினமும் கொடுங்கள், நாய் உணவை அல்ல. மீனோ கோழியோ வேகவைத்துக் கொடுப்பதாக இருந்தால் வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், டாரினில் பாதி அதில்தான் இறங்கியிருக்கும்.

ஜிம்மியை இந்த வாரம் டாக்டரிடம் கூட்டிப்போகும்போது காலண்டர் தாள்கள், எக்ஸ்ரே பிலிம், எக்கோ ரிப்போர்ட், போட்டுக்கொண்டிருக்கிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டே கிளம்புங்கள். ரத்தம் எடுக்க வெறும் வயிறு வேண்டுமா என்று மட்டும் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.